சீனத் துறவியை எப்படி அழைப்பது: ஷிஃபுவா, ஃபாஷியா, ஹெஷாங்கா, பிச்சியூவா?

சீன பௌத்த மடத்துக்குப் போகிறவர், அந்த மடத்துக்குக் கடிதம் எழுதுகிறவர், சீன நூலைத் தமிழாக்குகிறவர் ஆகிய மூவருக்கும் முதலில் எழுவது ஒரே கேள்வி: துறவியை எந்தச் சொல்லால் குறிப்பது? அகராதியைத் திறந்தால் ஏழெட்டுச் சொற்கள் இருக்கும். எல்லாவற்றுக்கும் எதிரே ‘புத்தத் துறவி’ என்றே போட்டிருக்கும். ஆனால் அவற்றில் சில நேரில் அழைப்பதற்கு உரியவை. சில ஒருவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் வருபவை. சில விநய நூல்களின், அதாவது துறவிகளுக்கான ஒழுக்க விதி நூல்களின், சட்டச் சொற்கள். சில தொலைக்காட்சிச் சரித்திரத் தொடர்களில் தவிர வேறெங்கும் வழங்காதவை.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நேரில் பேசும்போது ‘ஷிஃபு’. எழுத்திலும் மேடையிலும், பெயரோடு சேர்த்து, ‘ஃபாஷி’. ஒருவர் முழுத் தீட்சை பெற்றவரா என்பது பேச்சானால் ‘பிச்சியூ’. ‘ஹெஷாங்’ என்ற சொல்லை முன்னொட்டு இல்லாமல் எவரையும் அழைக்கப் பயன்படுத்த வேண்டாம். இந்த நான்கையும் தவறில்லாமல் கையாண்டால் சிங்கப்பூரோ பினாங்கோ தைபேயோ ஹாங்சோவோ, எங்கேயும் சமாளிக்கலாம்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு குறிப்பு. இங்குள்ள ஒலிபெயர்ப்பு வட சீனப் பொதுமொழியான மாண்டரினை ஒட்டியது. தொனியைத் தமிழ் எழுத்தில் காட்ட முடியாது என்பதால் தேவையான இடத்தில் மட்டும் சொல்லால் விளக்கியிருக்கிறோம்.

ஷிஃபுவும் ஃபாஷியும்

ஷிஃபு என்பது ‘ஆசான்’, ‘தந்தை’ என்ற இரண்டு எழுத்துகளால் ஆனது. முதல் அசையை உயரமாக, ஏற்ற இறக்கம் இல்லாமல் இழுத்து, இரண்டாவதை லேசாக விட்டுவிட வேண்டும். ஆண் துறவிக்கும் பெண் துறவிக்கும் இதே சொல்தான். பெண் துறவியைத் ‘தந்தை’ என்று சேர்த்துச் சொல்வதா என்று தயங்க வேண்டாம். மடத்துக்குள் எல்லோரும் அப்படித்தான் அழைக்கிறார்கள். பெயர் தெரியாவிட்டாலும், பதவி தெரியாவிட்டாலும், காவியோ சாம்பலோ எந்த நிற அங்கி அணிந்திருந்தாலும் செல்லும். இதன் பெரிய பலம் அதுதான்.

சிக்கல் எழுத்தில் வருகிறது. இதே ஒலியில் இன்னொரு ஷிஃபு உண்டு. டாக்ஸி ஓட்டுநர், சமையல்காரர், குழாய் பழுது பார்ப்பவர் ஆகியோரை மரியாதையாக அழைக்கும் சொல் அது. பேசும்போது வேறுபாடு தெரியாது. கைபேசியில் ஒலியைத் தட்டி எழுத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தொழிலாளருக்கான எழுத்து முதலில் வந்து நின்றுவிடும், கவனிக்காமல் அனுப்பிவிடுவோம். சரிபார்க்க எளிய வழி உண்டு. இரண்டாவது எழுத்து நான்கே கோடுகள் கொண்ட ‘தந்தை’ எழுத்தாக இருக்க வேண்டும். இடப்பக்கம் மனிதக் குறியோடு பன்னிரண்டு கோடுகளாக நெருக்கமாகத் தெரிந்தால் அது தவறானது.

ஃபாஷி என்றால் தர்மத்தைப் போதிக்கும் ஆசான். எழுத்து வழக்குக்கு இதுவே பொருத்தம். சீன முறைப்படி தர்மப் பெயர் (துறவு பூணும்போது பெறும் பெயர்) முன்னால், ஃபாஷி பின்னால்: ஹோங்யீ ஃபாஷி, ஷெங்யென் ஃபாஷி. இதற்கும் ஆண் பெண் பேதம் இல்லை. அழைப்பிதழ், உறையின் மேல் முகவரி, கூட்டத்தில் அறிமுகம், செய்திக் கட்டுரை எல்லாவற்றுக்கும் ஃபாஷி போதும்.

அப்படியானால் நேரிலும் ஃபாஷி என்றே சொல்லலாமே என்று தோன்றும். சொல்லலாம், தவறில்லை. சற்று விறைப்பாக ஒலிக்கும், அவ்வளவே. ஒரு சூழலில் மட்டும் ஃபாஷி கட்டாயமாகிறது. தைவானின் சில பெரிய மடங்களில் ‘ஷிஃபு’ என்று தனியாகச் சொன்னால் அது நிறுவனர் ஒருவரைத்தான் குறிக்கும். ஃபாகு மலை மடத்தில் 2009இல் மறைந்த ஷெங்யெனை இன்றும் அவருடைய சீடர்கள் ஷிஃபு என்கிறார்கள். மற்ற துறவிகள் அங்கே ஃபாஷிகள். ஒரே அறையில் நான்கு துறவிகள் இருக்கும்போதும் பெயரோடு ஃபாஷி சேர்ப்பதுதான் குழப்பத்தைத் தவிர்க்கும்.

பெயரைச் சேர்க்கும்போது இரண்டு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. துறவிகளின் கடவுச்சீட்டிலும் நூல் அட்டையிலும் ‘ஷி’ என்று தொடங்கும் பெயரைப் பார்த்து அதைக் குடும்பப் பெயர் என்று எண்ணி ‘திரு ஷி’ என்று எழுதுவது முதலாவது. சாக்கியமுனி என்பதன் சீன ஒலிபெயர்ப்பில் வரும் முதல் அசைதான் இந்த ஷி. வீட்டை விட்டு வந்தவர்கள் எல்லோரும் புத்தரின் குடும்பம், ஆகவே எல்லோருக்கும் ஒரே குடும்பப் பெயர் என்ற வழக்கத்தை ஏற்படுத்தியவர் தாவ்ஆன் (312–385). அதற்கு முன் சீடர்கள் தம் குருவின் நாட்டையோ குலத்தையோ பெயரில் சுமந்தார்கள். ஷி சேர்த்தால் ஃபாஷி வேண்டாம், ஃபாஷி சேர்த்தால் ஷி வேண்டாம்.

இரண்டாவது, மதிப்புக்காக அச்சில் பெயரைப் பிரித்து எழுதும் முறை. ஃபோகுவாங் மலை மடத்தை 1967இல் நிறுவிய ஸிங்யுன் அவர்களின் பெயர் ‘ஷாங் ஸிங் ஷியா யுன்’ என்று அச்சாகியிருக்கும். ஷாங் என்றால் மேல், ஷியா என்றால் கீழ். பெரியவர் பெயரை ஒரே மூச்சில் சொல்லிவிடாமல், மேலெழுத்து இது, கீழெழுத்து இது என்று பிரித்துச் சொல்வது பணிவு. இயந்திர மொழிபெயர்ப்பு இதை ‘மேல் நட்சத்திரம் கீழ் மேகம்’ என்று கொடுக்கும். ஷாங்கையும் ஷியாவையும் நீக்கிவிட்டு இரண்டு அசைகளையும் சேர்த்தால் பெயர் கிடைத்துவிடும்.

ஹெஷாங்: ஒரே சொல்லுக்கு இரண்டு உயரங்கள்

அதிகம் பேர் அறிந்த சொல் இதுதான், அதிகம் பேர் தவறாகப் பயன்படுத்துவதும் இதைத்தான். சமஸ்கிருத ‘உபாத்தியாய’ மத்திய ஆசிய மொழிகளின் வாயில் தேய்ந்து சீனத்துக்குள் வந்தபோது ஹெஷாங் ஆனது. அதே உபாத்தியாயர் தமிழில் தேய்ந்துதான் வாத்தியார். பிறப்பால் இது ஆசிரியருக்கான உயர்ந்த சொல். விநய முறைப்படி, முழுத் தீட்சை கொடுக்கும் தலைமை ஆசான் ஒருவரே ஹெஷாங். தீட்சை மேடையில் மூன்று ஆசான்களும் ஏழு சாட்சிகளும் ஆகப் பத்துப் பேர் அமர்கிறார்கள். அந்த மூவரில் முதல்வரின் பட்டம் இன்றும் ‘தெஜியே ஹெஷாங்’. ஜப்பானுக்கு விநய மரபைக் கொண்டுசென்று 754இல் நாரா நகரை அடைந்த ஜியான்ஜென்னை ஜப்பானியர் ‘வாஜோ’ என்று சொல்வதும் இதே சொல்லின் ஜப்பானிய உச்சரிப்புத்தான்.

தெருவில் இந்த உயரம் இல்லை. பொதுமக்கள் பேச்சில் எந்தத் துறவியும் ஹெஷாங்தான், பழமொழிகளில் வருவதும் இதுதான். ஒரு ஹெஷாங் காவடியில் தண்ணீர் சுமப்பார், இருவர் கம்பில் தொங்கவிட்டுத் தூக்குவார்கள், மூவர் சேர்ந்தால் குடிக்கத் தண்ணீர் இருக்காது. ஹெஷாங் ஓடிப்போகலாம், கோயில் ஓடிப்போகாது. ஒருநாள் ஹெஷாங்காக இருந்தால் ஒருநாள் மணி அடித்தால் போதும். கேலியும் உரிமையும் கலந்த தொனி இது. துறவியை நேருக்கு நேர் ‘ஹெஷாங்’ என்று அழைத்தால் நம் ஊரில் ஒருவரை ‘ஏய் சாமியாரே’ என்று கூப்பிட்டது போலாகும்.

ஆனால் முன்னால் ‘தா’ அல்லது ‘லாவ்’ சேர்த்தால் சொல் மறுபடியும் மேலே ஏறிவிடுகிறது. ‘தா ஹெஷாங்’ (பெரிய ஹெஷாங்) என்பது மடத்தின் தலைவரை அழைக்கும் முறையான சொல். ‘லாவ் ஹெஷாங்’ (மூத்த ஹெஷாங்) மூப்பும் தகுதியும் நிறைந்த பெரியவருக்கு. உச்சரிப்பும் இங்கே மாறும். தெருப் பேச்சில் ‘ஷாங்’ மங்கி ஒலிக்கும், மடத்துக்குள் அதைத் தெளிவாக, மேலிருந்து கீழே இறங்கும் தொனியில் சொல்வார்கள். மடத் தலைவரைச் சந்திக்கப் போகிறவர் ‘தா ஹெஷாங்’ என்று சொல்லிப் பழகிக்கொள்வது நல்லது. மற்றபடி இந்தச் சொல்லைப் பழமொழிக்கும் சிறுவர் கதைக்கும் விட்டுவிடலாம்.

பிச்சியூ, ஷாமீ, ஸெங்

பிச்சியூ நேரடியாக ‘பிக்ஷு’வின் ஒலிபெயர்ப்பு, பெண்ணுக்குப் ‘பிச்சியூநீ’. ஒருவரை அழைக்க இதைப் பயன்படுத்துவதில்லை. ஆனால் துல்லியம் வேண்டிய இடத்தில் வேறு எந்தச் சொல்லும் இதற்கு ஈடாகாது. சீன மடங்கள் பின்பற்றும் தர்மகுப்த விநயப்படி பிச்சியூவுக்கு 250 விதிகள், பிச்சியூநீக்கு 348. இலங்கையின் தேரவாத பிக்குவுக்கு 227. இரண்டையும் ‘பிக்கு’ என்றே தமிழில் எழுதினாலும் எண்ணிக்கையை மாற்றி எழுதிவிடக் கூடாது. இருபது வயது நிரம்பாதவர் பிச்சியூ ஆக முடியாது. அதற்கு முன் பத்து விதிகளோடு இருப்பவர் ஷாமீ, பெண்ணானால் ஷாமீநீ. மொட்டை அடித்து அங்கி அணிந்தவர் எல்லோரும் பிச்சியூ அல்லர் என்பதால், கட்டுரையில் ஒருவரின் தீட்சை நிலை உறுதியாகத் தெரியாவிட்டால் ‘சூஜியாரென்’ (வீட்டை விட்டு வெளியேறியவர்) என்ற பொதுச்சொல்லே பாதுகாப்பு. ஷாமீயும் பிச்சியூவும் அதில் அடங்கிவிடுவார்கள்.

ஸெங் என்பது சங்கம் என்பதன் சுருக்கம். விநயத்தில் நான்கு பிக்குகளாவது சேர்ந்தால்தான் சங்கம். சீனத்தில் அந்தச் சொல் தேய்ந்து தனி மனிதருக்கும் ஆனது. பேச்சில் தனியாக நிற்காது, கூட்டுச் சொல்லாகவே வரும்: ஸெங்ரென் (துறவி), காவ்ஸெங் (மகான் நிலைத் துறவி). செய்தித்தாள் நடைக்கு ஸெங்ரென் நன்றாகப் பொருந்தும். மதிப்பும் இல்லை, அவமதிப்பும் இல்லை.

ஷாமென்: தமிழருக்கு மட்டும் உள்ள பள்ளம்

பழைய நூல்களில் ‘ஷாமென்’ அடிக்கடி வரும். 404இல் லூஷான் மலையில் வாழ்ந்த ஹுய்யுவான், ஷாமென்கள் அரசனை வணங்கத் தேவையில்லை என்று வாதிட்டு எழுதினார். இதன் மூலம் ‘சிரமண’. தமிழில் அதே மூலத்திலிருந்து வந்தது ‘சமணர்’. ஆகவே ஒலியையும் மூலத்தையும் பார்த்து ஷாமென்னுக்குச் ‘சமணர்’ என்று போடத் தோன்றும். போட்டால் வாசகர் மனத்தில் வந்து நிற்பவர் சமண முனிவர். தமிழில் அந்தச் சொல் பல நூற்றாண்டுகளாகச் சமண சமயத்துக்கு உரியதாகிவிட்டது. சீனத்தில் அது பௌத்தத் துறவிக்கு உரியதாகிவிட்டது. மூலம் ஒன்றாயினும் வழி பிரிந்துவிட்டது. சீன நூலில் ஷாமென் வந்தால் ‘பௌத்தத் துறவி’ என்று எழுதுவதே சரி. இந்திய மூலத்தைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையானால் ‘சிரமணர்’ என்று எழுதி, பக்கத்திலேயே ஒரு வரியில் விளக்கிவிடலாம்.

பட்டங்களும் பதவிகளும்

பட்டங்களில் ஏமாற்றுவது ‘ல்யூஷி’. விநயத்தில் தேர்ந்த ஆசான் என்பது மடத்துப் பொருள், வழக்கறிஞர் என்பது இன்றைய நகரப் பொருள். எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று. ஓவியமும் இசையும் கற்பித்துவந்து 1918இல் ஹாங்சோவில் துறவு பூண்ட ஹோங்யீ (1880–1942) விநய ஆய்விலேயே வாழ்நாளைச் செலவிட்டவர் என்பதால் அவருக்கு ல்யூஷி என்ற பட்டம் உண்டு. இயந்திர மொழிபெயர்ப்பு அவரை வழக்கறிஞர் ஆக்கிவிடும். தமிழாக்குகிறவர் ‘விநய ஆசான்’ என்று எழுதினால் போதும்.

சான்ஷி தியான மரபின் ஆசான். தாஷி (பெரிய ஆசான்) வரலாற்றில் இடம்பிடித்தவர்களுக்குப் பிறர் கொடுக்கும் பட்டம்; சந்தித்த முதல் துறவியை அப்படி அழைத்தால் அவரே சங்கடப்படுவார். தவிர, மனையடி பார்ப்பவரும் கைரேகை சொல்பவரும் இன்று தம்மைத் தாஷி என்று விளம்பரம் செய்கிறார்கள். ‘ஸான்ஸாங்’ மூன்று பிடகங்களையும் (பௌத்த நூல் தொகுதிகளையும்) கற்றவருக்கான பட்டம். யுவான் சுவாங்குக்கு இதுதான் பட்டம். இதைப் பெயர் என்று எண்ணி ‘தாங் ஸான்ஸாங் என்பவர்’ என்று வேறொருவராக எழுதுவது உண்டு. தாங் என்பது அரச வமிசத்தின் பெயர். தென்னிந்தியாவின் மலய நாட்டவர் என்று சீனக் குறிப்புகள் சொல்லும் வஜ்ரபோதியும் ஸான்ஸாங்தான்.

மடத் தலைவருக்கு ‘ஃபாங்ஜாங்’, ‘ஜூச்சி’ என்று இரண்டு சொற்கள். ஃபாங்ஜாங் என்றால் ஒரு ஜாங் நீளமும் அகலமும் உள்ள அறை, ஏறத்தாழ மூன்றே கால் மீட்டர் சதுரம். வைசாலியில் விமலகீர்த்தி என்ற இல்லறத்துப் பௌத்தரின் சின்ன அறைக்குள் கணக்கற்றவர்கள் அடங்கினார்கள் என்ற கதையிலிருந்து அறையின் பெயர் தலைவரின் பெயரானது. பெரிய மடத்தின் தலைவருக்கு ஃபாங்ஜாங், எந்த மடத்தின் பொறுப்பாளருக்கும் ஜூச்சி. சிறிய கோயிலில் ஒரே ஒரு துறவி இருந்தால் அவர் ஜூச்சிதான். ஃபாங்ஜாங் என்று எழுதினால் மிகை.

உண்மையில் வெளியூர்க்காரர் முதலில் சந்திக்கப்போவது தலைவரை அல்ல, விருந்தினர் பொறுப்பாளரான ‘ஜிகெ’யைத்தான். அவர் இருக்கும் இடம் கெதாங். தங்க இடம், உணவு நேரம், யாரைச் சந்திக்கலாம் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். ‘ஜிகெ ஷிஃபு’ என்று பதவியோடு சேர்த்து அழைக்கலாம். வழிபாட்டை நடத்துபவர் வெய்நா, மடைப்பள்ளித் தலைவர் தியென்ஸுவோ. வருகை தந்த துறவி மடத்தில் தங்குவதற்குக் ‘குவாதான்’ என்று பெயர். இல்லறத்தார் அந்தச் சொல்லைத் தமக்குப் பயன்படுத்துவது அவ்வளவு பொருத்தமல்ல. தங்க விரும்புவதாகச் சாதாரணமாகக் கேட்டாலே போதும்.

பெண் துறவிகள்

‘நீகு’ என்ற சொல்லை அகராதி தயங்காமல் கொடுக்கும். அதைத் தவிர்த்துவிடுங்கள். பேச்சு வழக்கில் அதில் இளப்பம் ஒட்டியிருக்கிறது. அழைக்க ஷிஃபு அல்லது ஃபாஷி, பெண் துறவி என்று குறித்துச் சொல்லவேண்டிய இடத்தில் ‘நீஷி’. அவர்கள் மடத்தை ‘நீகு ஆன்’ என்று சொல்வதும் அப்படியே. பிக்குணி மரபு சீனத்தில் முறையாக வேரூன்றியதற்கு 5ஆம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து கப்பலேறி நான்ஜிங் வந்த பிக்குணிகள் காரணம். அந்தத் தொடர்ச்சி சீனத்தில் இன்றுவரை அறுபடவில்லை. இதை அறிந்தவர்கள் அந்த இளப்பச் சொல்லை எழுத மாட்டார்கள்.

தொடர்களில் கேட்டதைப் பேச வேண்டாம்

சரித்திரத் தொடர்களில் துறவி தன்னைப் ‘பின்ஸெங்’ (ஏழைத் துறவி) என்றும், முதியவரானால் ‘லாவ்நா’ என்றும், எதிரில் நிற்பவரை ‘ஷீஜூ’ (தானம் தருபவர்) என்றும் சொல்வார். இன்றைய துறவி தன்னைச் சாதாரணமாக ‘நான்’ என்கிறார். இல்லறத்தாரை ‘ஜ்யூஷி’ என்றோ, சில இடங்களில் ‘பூஸா’ (போதிசத்துவர்) என்றோ அழைக்கிறார். உங்களைப் பூஸா என்று அழைத்தால் திகைக்காமல் கைகூப்பி ‘ஆமிதுவோஃபோ’ என்று பதில் சொல்லுங்கள். அமிதாப புத்தரின் அந்தப் பெயரே வணக்கமாகவும் நன்றியாகவும் விடைபெறுதலாகவும் வழங்குகிறது.

தமிழில் எதை எழுதுவது

தமிழாக்குகிறவருக்கு மூன்று வழிகள் உண்டு: சீன ஒலியை வைத்துக்கொள்வது, இந்திய மூலத்துக்குத் திரும்புவது, தமிழ்ச் சொல்லைத் தேடுவது. யுவான் சுவாங்கின் பெயரால் வழங்கும் ஐந்து விதிகள் இதே சிக்கலைப் பற்றியவை. மந்திரம், பல பொருள் கொண்ட சொல், தம் நாட்டில் இல்லாத பொருள், முன்னோர் பழக்கிவிட்ட ஒலிபெயர்ப்பு, மொழிபெயர்த்தால் மதிப்புக் குறையும் சொல் ஆகிய ஐந்தையும் மொழிபெயர்க்காமல் ஒலியிலேயே விடவேண்டும் என்பது அவை. தம் நாட்டில் இல்லாத பொருளுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டது நாவல் மரம். சீனருக்கு அந்நியமாக இருந்த பல நமக்கு வீட்டுப் பொருள்கள். ஆகவே அவர்களைவிட நமக்கு ஒலிபெயர்ப்பின் தேவை குறைவு, மூலத்துக்குத் திரும்பும் வசதி அதிகம். பிச்சியூவுக்குப் பிக்கு, பிச்சியூநீக்குப் பிக்குணி. ‘பிக்குணிக் கோலம்’ மணிமேகலையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் ‘பிட்சு’ என்றும் எழுதுகிறார்கள். இலங்கை வாசகருக்குப் பிக்குதான் பழக்கம். இரண்டும் சரி, ஒரே நூலில் கலக்காமல் இருந்தால் போதும்.

ஃபாஷிக்குத் தமிழில் ‘தேரர்’ என்று எழுத ஒரு சபலம் வரும். இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் அது அன்றாடச் சொல். ஆனால் தேரர் என்பது ஸ்தவிரர், தீட்சை பெற்றுப் பத்து ஆண்டாவது ஆன மூத்தவர். சீனத்தில் அதற்கு நெருக்கமானது ‘ஜாங்லாவ்’. ஃபாஷிக்கு அப்படி ஆண்டுக் கணக்கு இல்லை. தேரவாத மரபையும் உடன் இழுத்துவரும் அந்தச் சொல்லைச் சீனத் துறவிக்குச் சூட்டுவது எங்களுக்கு உடன்பாடில்லை. பெயரோடு ‘அடிகள்’ சேர்ப்பதே எங்கள் தேர்வு: ஹோங்யீ அடிகள், ஷெங்யென் அடிகள். மணிமேகலைக்கு அறம் உரைத்தவர் அறவண அடிகள் என்பதால் பௌத்தத்துக்கு இது புதிய பட்டமல்ல. கிறித்தவ, சைவ வழக்கிலும் அடிகள் உண்டே என்று சிலர் தயங்குவார்கள். முன்னால் நிற்கும் சீனப் பெயர் அந்தக் குழப்பத்துக்கு இடம் தராது. சிறுவர் கதையிலும் பழமொழியிலும் வரும் ஹெஷாங்குக்குச் ‘சாமியார்’ பொருந்தும், அங்கே ‘அடிகள்’ போட்டால் கதையின் சுவை போய்விடும். ‘லாமா’வைத் திபெத்திய மரபுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

இடப் பெயர்களில் ‘ஸி’ என்று முடிந்தால் பௌத்த மடம். முதலில் அரசு அலுவலகத்தைக் குறித்த சொல் அது, லோயாங்கின் வெள்ளைக் குதிரை மடம் முதலாகப் பௌத்தத்துக்கு வந்தது. ‘மியாவ்’ என்று முடிந்தால் பெரும்பாலும் நாட்டுத் தெய்வத்துக்கோ முன்னோருக்கோ உரிய கோயில், அங்கே துறவி இருக்க வேண்டும் என்பதில்லை. முன்னதை மடம் என்றும் பின்னதைக் கோயில் என்றும் தமிழில் பிரித்து எழுதலாம். ‘ஜிங்ஷெ’ வந்தால் விகாரை என்று எழுதத் தயங்க வேண்டாம், விகாரம் என்ற சொல்லுக்குச் சீனர் கொடுத்த மொழிபெயர்ப்பே அதுதான்.